குறைமாதக் குழந்தையின் மூளை எண்: இறங்கினால் எங்கே பார்ப்பது?

கருவுற்ற 27 வாரத்தில் பிறந்த குழந்தை, பிறந்து 9 நிமிடம். வலக்கையில் கட்டிய பல்ஸ் ஒக்சிமீற்றர் 92 காட்டுகிறது. இதயத் துடிப்பு 150. மூளையின் ஒட்சிசனைப் பார்க்க நெற்றியில் ஒட்டிய சென்சர் மட்டும் 52 என்கிறது. பக்கத்தில் நிற்பவரின் கை தானாகவே காற்றையும் ஒட்சிசனையும் கலந்து தரும் பிளெண்டரின் திருகுக்குப் போகும். போகக் கூடாது. ஏன் என்பதைத்தான் இங்கே விரித்து எழுதப் போகிறேன்.

முதலில், அந்த 52 எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்போம். கையில் கட்டுகிற கருவி துடிக்கிற குருதியை மட்டும் பார்க்கிறது. அதாவது நாடிக் குருதி, நுரையீரல் ஏற்றி அனுப்பிய சரக்கு. நெற்றிச் சென்சர் பார்ப்பது வேறு. செந்நிறத்துக்குச் சற்று அப்பால் உள்ள, ஏறத்தாழ 700 முதல் 900 நனோமீற்றர் வரையான ஒளி தோலையும் மண்டையோட்டையும் ஊடுருவும். ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் ஏறாத ஈமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வேறுபாட்டிலிருந்து கருவி கணக்குப் போடுகிறது. உயிருள்ள மூளையில் இப்படிப் பார்க்கலாம் என்று பிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் காட்டினார். இன்று இதை நிர்ஸ் (NIRS, near-infrared spectroscopy) என்கிறோம். ஒளியை விடுகிற முனைக்கும் வாங்குகிற முனைக்கும் இடையே சில சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். ஒளி வளைந்து போய்வருகிற ஆழம் அந்த இடைவெளியின் பாதிக்கும் குறைவு. வயதுவந்தவரின் தடித்த மண்டையில் இது பெரிய குறை. 26 வாரக் குழந்தையின் தலைச் சுற்றளவோ 24 செ.மீ. அளவுதான், ஓடும் மெல்லியது. அதனால் ஒளி மூளைக்குள் நன்றாகவே போய்விடும்.

நிர்ஸ் துடிப்பைத் தேடுவதில்லை. நாடி, நாளம், மயிர்த்துளைக்குழாய் என்று அந்த இடத்தில் உள்ள குருதி முழுவதையும் சேர்த்தே பார்க்கிறது. அதில் பெரும்பங்கு நாளக் குருதி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஆகவே அந்த எண் மூளை எடுத்துக்கொண்டபின் மிச்சமாய் நிற்கிற ஒட்சிசனைச் சொல்கிறது. வந்த சரக்கு குறைந்தாலும் இறங்கும், ஓட்டம் குறைந்தாலும் இறங்கும், சுமந்துவரும் ஈமோகுளோபின் குறைந்தாலும் இறங்கும், மூளை அதிகம் எடுத்தாலும் இறங்கும். ஒட்சிசன் திருகு இதில் முதலாவதை மட்டும்தான் சரிசெய்யும்.

சென்சரை ஒட்டும் வேலை சின்னதாய்த் தெரியும். எண்ணின் பாதி நம்பகத்தன்மை அங்கேதான் இருக்கிறது. குழந்தை வெளியே வருமுன்னரே கருவியைப் போட்டு, சென்சரைக் கேபிளில் செருகி, சுயபரிசோதனையை முடித்து வைத்திருக்க வேண்டும். குழந்தை வந்தபின் பெட்டியைத் திறந்தால் முதல் ஐந்து நிமிடமும் போய்விடும். இதற்கென்று ஓர் ஆள் தனியே வேண்டும். மாஸ்க் பிடிப்பவரோ இதயத் துடிப்பைப் பார்ப்பவரோ இதையும் செய்யப் போனால் இரண்டுமே கெடும். குழந்தையைப் பொலித்தீன் பைக்குள் வைத்தபின், ஈரமில்லாத கோஸ் துணியால் நெற்றியில் உள்ள குருதியையும் வெள்ளைப் பூச்சையும் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். சென்சரை நடுக்கோட்டிலிருந்து விலக்கி, இடது அல்லது வலது நெற்றியில் வையுங்கள். நடுவில் வைத்தால் கீழே ஓடுகிற பெரிய நாளக்குழாயைத்தான் படிக்கும். பிரசவத்தில் தலை வீங்கிய இடத்தையும் குருதி கட்டிய இடத்தையும் தவிருங்கள். அசையாமல் நிற்கும் குருதிக்குமேல் வைத்த சென்சர் ஒரே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிடமாய் எண் ஒன்று இரண்டுகூட அசையவில்லை என்றால் குழந்தை நிதானமாய் இருக்கிறது என்று மகிழாமல் சென்சரைச் சந்தேகியுங்கள்.

25, 26 வாரத் தோல் ஈரத் தாள் மாதிரி. ஒட்டுப்பசையை உரித்தால் தோலும் வரும். பல இடங்களில் பசைப் பக்கத்தை நேரே தோலில் ஒட்டாமல், மெல்லிய ஒளிபுகு படலத்தை இடையில் வைத்து, மேலே மென்மையான மீள்பட்டியாலோ மூச்சுக்கு உதவும் சீபாப் (CPAP) கருவியின் தொப்பியாலோ பிடித்துவைக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் பட்டி இறுகினால் வேறு வம்பு: தலையிலிருந்து வடியும் நாளக் குருதி தேங்கும், எண் பிழைக்கும், அது குழந்தைக்கும் கூடாது. விரல் நுனி பட்டிக்குள் நுழைய வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பிக் கழுத்து முறுக்கியிருந்தாலும் இதே கதை. மேசை விளக்கும் சத்திரசிகிச்சை விளக்கும் ஓரத்தால் உள்ளே கசியும், அதற்கு மேலே ஓர் இருண்ட துணியை மூடினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் 15 நிமிடத்துக்கு இது பொருந்தாது, அடுத்த மூன்று நாளுக்குப் பொருந்தும். கண்ணூறு படாமல் நெற்றியில் வைக்கிற கறுப்புப் பொட்டு, திருநீறு, தலைக்குத் தடவுகிற எண்ணெய், சில வீடுகளில் சுர்மா. மை ஒளியை உறிஞ்சிவிடும், எண்ணெய் ஒட்டவிடாது. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லத் தேவையில்லை. பொட்டைப் பாதத்தில் வையுங்கள் என்றால் அம்மம்மாவும் சம்மதிப்பார், சென்சரும் தப்பும்.

இனி எந்த எண் சரி? வயதுவந்தவருக்கு உள்ளதுபோல் ஒரே எண் இங்கே இல்லை, நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கருவறைக்குள் குழந்தை குறைந்த ஒட்சிசனில்தான் வாழ்ந்தது. வெளியே வந்து நுரையீரல் திறக்கத் திறக்கத்தான் எண் ஏறும். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரக் குழு, உதவி எதுவும் தேவைப்படாத சிசுக்களில் அளந்து 2013இல் வெளியிட்ட அட்டவணையைத்தான் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். நடு எண் 2ஆவது நிமிடத்தில் 41, 5ஆவதில் 68, 10ஆவதில் 79, 15ஆவதில் 77. நூறு குழந்தைகளில் பத்துப் பேர் மட்டும் அதற்குக் கீழே நிற்கும் எல்லை, அதே நிமிடங்களில் முறையே 23, 45, 65, 63. பிறந்து இரண்டு நிமிடத்தில் 30 என்று கண்டு பதறுவது வீண். அதே 30 பத்தாவது நிமிடத்தில் இருந்தால் பதற வேண்டும். கையில் காட்டும் ஒட்சிசன் நிறைவுக்கும் (சச்சுரேஷன்) இப்படித்தான் படி உண்டு: 2 நிமிடத்தில் 65 முதல் 70, 5 நிமிடத்தில் 80 முதல் 85, 10 நிமிடத்தில் 85 முதல் 95. இரண்டு அட்டவணையையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அடித்து, குழந்தையைக் கிடத்திச் சூடாக்கும் வோமரின் பக்கச் சுவரில் ஒட்டிவைப்பது மலிவான நல்ல வேலை. கை என்றால் வலக்கைதான். இடக்கையும் காலும், நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் நாடிக் கால்வாய் திறந்திருக்கையில், மூளைக்குப் போகும் குருதியைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

இந்த எண்கள் ஒரு வகைக் கருவிக்கும் அதன் சிசுச் சென்சருக்கும் உரியவை. வேறு கம்பனிக் கருவி, வேறு சென்சர் என்றால் எண்ணும் மாறும். அதே கருவியில்கூட வயதுவந்தோர் சென்சரைவிடச் சிசுச் சென்சர் ஏறத்தாழ 10 புள்ளி கூடுதலாகக் காட்டும். ‘55க்குக் கீழ் போனால் தலையிடு’ என்று ஓர் ஆய்வில் படித்துவிட்டு, அந்த 55 எந்தச் சென்சரில் என்று பாராமல் இங்கே பொருத்துவது பெரிய தவறு. கழற்றி மீண்டும் ஒட்டினாலே 5, 6 புள்ளி வேறுபடலாம். ஆகவே போக்கைப் பாருங்கள். ஒற்றை எண்ணில் தொங்க வேண்டாம்.

இப்போது 92க்கும் 52க்கும் வருவோம். கையும் மூளையும் சேர்ந்தே குறைந்திருந்தால் கேள்வி எளிது: நுரையீரல் திறக்கவில்லை. மாஸ்க் கசிகிறதா, தலை சரியான நிலையில் உள்ளதா, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்து, பிறகுதான் ஒட்சிசன். கை குறைவு, மூளை சரி என்றால் பெரும்பாலும் கைச் சென்சர் நழுவியிருக்கும், அல்லது மூளை தன் ஓட்டத்தைக் கூட்டிச் சமாளிக்கிறது. சில விநாடி பொறுக்கலாம். கை நல்லது, மூளை 90ஐத் தாண்டுகிறது என்றால் ஒட்சிசன் அதிகம். பத்துப் பத்து வீதமாய்க் குறையுங்கள். காபனீரொட்சைட்டு ஏறியிருந்தாலும் மூளைக் குழாய்கள் விரிந்து இப்படிக் காட்டும்.

கை நல்லது, மூளை குறைவு. கருவி தன் விலைக்கு வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

முதல் சந்தேகம் அளவுக்கு மீறிக் காற்றுக் கொடுத்தது. 900 கிராம் குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவை கிலோவுக்கு 4 முதல் 6 மி.லீ., அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மாஸ்க் வழியே மூச்சுக் கொடுக்கும் ரீ-பீஸ் கருவியில் நாம் அளவைக் கொடுப்பதில்லை, அழுத்தத்தைத்தான் கொடுக்கிறோம். தொடக்கத்தில் நுரையீரல் விறைப்பாய் இருக்கும், 20 முதல் 25 செ.மீ. நீர் அழுத்தம் தேவைப்படும். ஐந்தாறு நிமிடத்தில் திரவம் போய், காற்று நிரம்பி, நுரையீரல் இளகிவிடும். நுரையீரலை இளக்கும் சர்பக்ரன்ட் மருந்து கொடுத்திருந்தால் இன்னும் வேகமாய் இளகும். அழுத்தத்தை மாற்றாமல் விட்டால் அதே 25, முன்னர் 4 மி.லீ. போன இடத்தில் இப்போது 9 மி.லீ. தள்ளும். சச்சுரேஷன் அருமையாய் இருக்கும், எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். உள்ளே காபனீரொட்சைட்டு இறங்கிக்கொண்டிருக்கும். அது இறங்கினால் மூளைக் குழாய்கள் சுருங்கும், ஓட்டம் குறையும், நெற்றி எண் விழும். இந்த நேரம் ஒட்சிசனைக் கூட்டினால் கை 92இலிருந்து 99க்குப் போகும், மூளையின் பட்டினி அப்படியே இருக்கும், கண்ணின் விழித்திரைக்கு மேலதிகக் கேடு. செய்ய வேண்டியது அழுத்தத்தை 2, 3 செ.மீ.யாய்க் குறைத்து நெஞ்சைப் பார்ப்பது. நெஞ்சு மெல்ல எழும்பினால் போதும், பெரியவர் மூச்செடுப்பதுபோல் எழும்பினால் அதிகம். மூச்சுக் கொடுக்கும் வீதத்தையும் பாருங்கள். பதற்றத்தில் நிமிடத்துக்கு 40 என்பது 80 ஆகிவிடும், கொடுப்பவருக்குத் தெரியாது. குருதி வாயு எடுக்க முடிந்தவுடன் எடுங்கள், காபனீரொட்சைட்டு 35 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போக விடாதீர்கள். அழுத்தத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு: நெஞ்சுக்குள் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் குருதி குறையும், வெளியே போகும் ஓட்டமும் குறையும்.

அடுத்தது ஓட்டம். தோல் வெளிறி, நெஞ்சில் அழுத்திய இடம் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் எடுத்தால் ஓட்டத்தைச் சந்தேகியுங்கள். நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து தாய்க்குக் குருதி போயிருந்தால் குழந்தைக்கும் போயிருக்கலாம். அப்போது கிலோவுக்கு 10 மி.லீ. சேலைன் தொப்புள் நாளத்தால் கொடுக்கலாம், அதுவும் மெதுவாக. ஆதாரம் இல்லாமல், நெற்றி எண் குறைந்ததென்பதற்காக மட்டும் சேலைன் ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன். குறைமாத மூளையின் ஆழத்தில் உள்ள குழாய்கள் மெல்லியவை, திடீரென்று ஓட்டம் பெருகினால் வெடிக்கும். மூளைக்குள் குருதிக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் நடப்பதும் இந்த ஏற்ற இறக்கங்களால்தான். மூன்றாவது சந்தேகம் ஈமோகுளோபின், அதைப் பின்னர் தொப்புள் கொடியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

இத்தனையும் எழுதிவிட்டு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை மறைக்க முடியாது. 32 வாரத்துக்குக் குறைந்த 607 குழந்தைகளில், முதல் 15 நிமிடம் நிர்ஸ் பார்த்து வழிநடத்திய கொஸ்கொட் ஆய்வு 2023இல் வெளிவந்தது. மூளைக் காயமில்லாமல் பிழைத்தவர்கள் நிர்ஸ் குழுவில் 82.9 சதவீதம், மற்றக் குழுவில் 78.5 சதவீதம். வேறுபாடு புள்ளிவிபரப்படி உறுதியானதல்ல. 28 வாரத்துக்குக் குறைந்த 1601 குழந்தைகளில் முதல் 72 மணித்தியாலம் பார்த்த சேஃப்பூஸ்-சி மூன்றாவது ஆய்வும் அதே வருடம் வந்தது. மரணம் அல்லது கடும் மூளைக் காயம், நிர்ஸ் குழுவில் 35.2, மற்றதில் 34.0 சதவீதம். பலன் தெரியவில்லை. இதே குழுவின் முந்திய, 166 குழந்தைகள் கொண்ட 2015ஆம் வருட ஆய்வில் எண் எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் நின்றது என்ற கணக்கு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. எண்ணைத் திருத்த முடிகிறது, முடிவைத் திருத்துகிறதா என்பது நிறுவப்படவில்லை. என் தீர்ப்பு: இது வாங்கியே ஆகவேண்டிய கருவி அல்ல. இருந்தால் சிந்தனையை ஒழுங்குபடுத்தும். இல்லையென்றால் அந்தச் சிந்தனையைக் கருவியில்லாமலும் செய்யலாம்.

இலங்கையின் கிழக்கே கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாழைச்சேனையிலும் பிரசவ விடுதியில் நிற்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் சுமார் 40 கி.மீ., அக்கரைப்பற்றிலிருந்து 60க்கு மேல், பொத்துவிலிலிருந்து 100க்கு மேல். அந்த வீதியில் குழந்தையைக் கொண்டுபோவதைவிட வயிற்றோடு தாயைக் கொண்டுபோவதே நல்லது. நேரமிருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு டெக்சாமெதசோன் 6 மி.கி. 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை. 32 வாரத்துக்குக் குறைவென்றால் தாய்க்கு மக்னீசியம் சல்பேற்றும். குழந்தையின் மூளைக்கு இவை செய்கிற அளவுக்கு எந்தச் சென்சரும் செய்ததாக நிறுவப்படவில்லை.

பிறந்தபின் தொப்புள் கொடியைக் குறைந்தது 60 விநாடி கிள்ளாமல் விடுங்கள். கொடியில் நிற்கும் குருதி குழந்தைக்குள் போனால் ஈமோகுளோபினும் ஏறும், ஓட்டமும் நிதானப்படும். 2023இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு, தாமதித்துக் கிள்ளுவது குறைமாதக் குழந்தைகளின் மரணத்தைக் குறைப்பதாகக் காட்டியது. அவசரத்தில் கொடியில் உள்ள குருதியை விரலால் குழந்தைப் பக்கம் தள்ளி உருவிவிடுவது 28 வாரத்துக்குக் கீழே கூடாது. 2019இல் வந்த ஆய்வு அதில் மூளைக் கசிவு கூடியதைக் கண்டு நிறுத்தப்பட்டது. பொலித்தீன் பை, தொப்பி, உடல் வெப்பம் 36.5 முதல் 37.5. அறையின் ஏசியைக் குழந்தை வருமுன் நிறுத்துங்கள், வியர்ப்பது நமக்குத்தானே.

ஒட்சிசன் 30 சதவீதத்தில் தொடங்கலாம். பிளெண்டர் இல்லாத இடத்தில் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை (கைப்பை) மட்டும் இருந்தால், பின்னால் தொங்கும் சேமிப்புப் பையைக் கழற்றி ஒட்சிசன் இணைத்தால் ஏறத்தாழ 40 சதவீதம் கிடைக்கும். சேமிப்புப் பையோடு 90ஐத் தாண்டும். இதைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம், ஏனென்றால் அம்புலன்சில் சிலிண்டரின் சுத்த ஒட்சிசனிலேயே ஒரு மணித்தியாலம் போய்விடுகிறது. வழியில் சச்சுரேஷன் 90 முதல் 95க்குள் நின்றால் போதும், 100 வேண்டாம். பீப் (PEEP) வால்வு இல்லாத கைப்பையால் மூச்சின் முடிவில் நுரையீரலைத் திறந்து வைத்திருக்க முடியாது. வால்வை வாங்கிப் பூட்டுங்கள், 5 செ.மீ.யில் வையுங்கள்.

பெற்றோரிடம் பேசும்போது ஒரு தடங்கல் வரும். கொரோனாக் காலத்தில் விரல் கருவி வீட்டுக்கு வீடு வந்தது. “மிஸ், விரல்ல 94க்குக் கீழ போனா ஆபத்து எண்டுதானே சொன்னவங்க, புள்ளைக்கு 70 காட்டுதே” என்று தகப்பன் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்பார். “தம்பி, இது விரல்ல பாக்கிறது இல்ல. மூளை எடுத்தது போக மிச்சம். இதுக்கு எழுபது நல்ல நம்பர்தான்” என்று சொன்னால் போதும். கருவியை ஒட்டுமுன்னரே இதைச் சொல்லிவிட்டால் இரவில் கதறிக்கொண்டு வரமாட்டார்கள்.

பதிவேட்டில் எண்ணை மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. நிமிடம், மூளை எண், வலக்கைச் சச்சுரேஷன், இதயத் துடிப்பு, கொடுத்த ஒட்சிசன் வீதம், அழுத்தம், பீப் என்று ஒரு வரியில் எழுதுங்கள். 2, 5, 10, 15ஆவது நிமிடங்களில் நான்கு வரி. கருவியின் பெயர், எந்தச் சென்சர், இடதா வலதா, எத்தனை மணிக்கு ஒட்டினீர்கள். சச்சுரேஷனிலிருந்து மூளை எண்ணைக் கழித்து, சச்சுரேஷனால் வகுத்தால் மூளை எவ்வளவு எடுக்கிறது என்பது வரும். 92க்கும் 52க்கும் அது 0.43. 90க்கும் 72க்கும் 0.20. இந்த விகிதம் ஏறிக்கொண்டே போனால், மட்டக்களப்பில் குழந்தையை ஏற்கிறவர் முதலில் காபனீரொட்சைட்டையும் ஈமோகுளோபினையும் பார்ப்பார். அதற்கான குறிப்பு மாற்றுக் கடிதத்தில் இருக்க வேண்டும். கொடியை எத்தனை விநாடி விட்டீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.